சிஸ்டரைக் கேளுங்கள்: ஆடியில் பைபாஸ் வைக்கலாமா?

(இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.)

அப்பாவுக்கு வயது 66. ஆஞ்சியோவில் மூன்று பிளாக், அதில் ஒன்று 'லெஃப்ட் மெயின்' என்கிறார்கள். வரும் வியாழன் அல்லது அதற்கடுத்த திங்கள் பைபாஸ் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்கிறார் அம்மா. வியாழக்கிழமை அப்பாவுக்குச் சந்திராஷ்டமம் என்கிறார் ஜோசியர். அப்பாவோ, 'நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருக்கேன், எனக்கு எதுக்கு ஆபரேஷன்' என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
வாசகி, கும்பகோணம்

ஜோசியர் கொஞ்சம் காத்திருக்கட்டும். லெஃப்ட் மெயின் என்றால் என்ன என்று முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் பைப் மாதிரி அது. இதயத்தின் இடது பக்கத்துக்குப் போகும் இரண்டு பெரிய குழாய்களும் அதிலிருந்துதான் பிரிகின்றன. ஒரு கிளை அடைத்துக்கொண்டால் இதயத்தின் ஒரு பகுதிதான் அடிபடும். இது அடைத்தால் பெரும்பகுதிக்கு ரத்தம் நின்றுபோகும். பாதிக்கு மேல் அடைப்பு என்று ரிப்போர்ட்டில் இருந்தாலே டாக்டர்கள் முகம் மாறிவிடும். அப்பா நடமாடுகிறார் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதுவும் சர்க்கரைக்காரர் என்றால் வலியே தெரியாமல் இருப்பதும் உண்டு.

அதனால் ஆவணி பேச்சை விட்டுவிடுங்கள். ஆனால் சந்திராஷ்டமத்துக்கு வழி இருக்கிறது. அது இரண்டேகால் நாள் சமாச்சாரம், ஆடி ஒரு மாதச் சமாச்சாரம். டாக்டரே இரண்டு தேதி கொடுத்திருக்கும்போது திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டால் ஜோசியருக்கும் திருப்தி, டாக்டருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. இடையில் உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ நெஞ்சில் பாரமாக இருந்தாலும், தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும் அந்த நிமிஷமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நாள் கணக்கெல்லாம் அத்தோடு ரத்து.

வார்டில் எங்களிடம் வருகிறவர்கள் மூன்று ரகம். முதல் ரகத்துக்கு இன்றைக்கே, இப்போதே ஆபரேஷன். காலண்டர் இருக்கும் பக்கம்கூடத் திரும்ப முடியாது. இரண்டாவது ரகம், வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கவைத்து, சில நாட்களுக்குள் செய்துவிட வேண்டியவர்கள். மூன்றாவது ரகத்துக்குத்தான் சில வாரம் அவகாசம் உண்டு. 'எங்கப்பா இதில் எந்த ரகம்?' என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். 'எவ்வளவு நாள் தள்ளலாம்?' என்று கேட்டால் பாதிப் பேருக்கு மழுப்பலான பதில்தான் கிடைக்கும். 'தள்ளினால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள், பதில் தெளிவாக வரும்.

திங்கட்கிழமை முடிவானதும் அம்மா அடுத்ததாக ராகு காலத்தை எடுப்பார், பாருங்கள். காலை ஏழரை மணிக்குத் தியேட்டருக்குள் போகிறவர் வெளியே வர மதியம் ஒன்று, ஒன்றரை ஆகும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம். இரண்டும் உள்ளேதான் வருகின்றன. வேறு கிழமை பார்த்தாலும் பெரும்பாலும் ஏதாவது ஒன்று இடிக்கும். சரி, நல்ல நேரத்தில் எதைச் செய்யச் சொல்வீர்கள்? மயக்க மருந்து கொடுப்பதையா, நெஞ்செலும்பைத் திறப்பதையா, இதயத்தின் வேலையைப் பார்க்கும் மெஷினில் போடுவதையா, நிறுத்திய இதயத்தை மறுபடி ஓடவிடுவதையா?

இப்படி மனசு கேட்காத குடும்பங்களுக்கு நான் சொல்லி வந்த வழி பரஸ்தானம். பழைய வீடுகளில் பயணம் போகும் நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் பையை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதையேதான் செய்யச் சொல்வேன். அட்மிஷன் அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புங்கள், குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வையுங்கள், திருநீறு பூசிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் நேரம் டாக்டருடையது. இதற்கு ஒப்புக்கொள்ளாத பாட்டியை நான் பார்த்ததில்லை.

சந்திராஷ்டமம், ராசி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்களா என்று பதினேழாயிரத்துச் சொச்சம் பேரிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்து, 1988இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி, இந்த வயதுக்கு எப்படி என்று கூறுபோட்டுக் கேட்டபோது, ஆய்வு செய்தவர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது! கணக்கை இஷ்டத்துக்குக் கூறுபோட்டால் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். இன்றைக்கும் மாரடைப்பு வந்தால் மிதுன ராசிக்கும் ஆஸ்பிரின்தான்.

நான் பார்க்கும் பஞ்சாங்கம் வேறு. ஆபரேஷனுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் உங்கள் சர்ஜன் ஊரில் இருப்பாரா? இடையில் நீண்ட விடுமுறை வருகிறதா? ஆஞ்சியோவுக்குப் போட்ட மருந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால் இறங்கிவிட்டதா? சளி, இருமல், காய்ச்சல் இல்லையே? ஹீமோகுளோபின் எவ்வளவு? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) எவ்வளவு? அது எட்டு, ஒன்பது என்று நின்றால், அவசரமில்லாத கேஸாக இருக்கும்பட்சத்தில் சர்க்கரையைக் கொஞ்சம் அடக்கிவிட்டு வாருங்கள் என்பார்கள். கட்டுப்படாத சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுப் புண் சீழ்பிடித்தால் எத்தனை வாரப் பாடு என்பது டிரஸ்ஸிங் செய்த எங்களுக்குத்தான் தெரியும். தேதியைத் தள்ளுவதானால் இந்த மாதிரிக் காரணங்களுக்குத் தள்ளுங்கள்.

என் கணவருக்குப் பைபாஸ் தேதி குறித்தாயிற்று. 'ரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஐந்து நாள் முன்னால் நிறுத்துங்கள், ஈகோஸ்பிரின் மட்டும் தொடரலாம்' என்றார்கள். அவர் சாப்பிடுவது ஈகோஸ்பிரின் கோல்டு. அதைத் தொடர்ந்து கொடுத்துவருகிறேன். சர்க்கரை மாத்திரையும், மூட்டுவலிக்கு ஒரு நாட்டு மருந்தும் சாப்பிடுகிறார். சரிதானே?
வாசகி, திருநெல்வேலி

இதழ் வருவதற்குள் தேதி வந்துவிடும் என்பதால் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஈகோஸ்பிரின் வேறு, ஈகோஸ்பிரின் கோல்டு வேறு. கோல்டில் ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, க்ளோபிடோக்ரல் என்று மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நிறுத்தச் சொன்ன மாத்திரையே க்ளோபிடோக்ரல்தான்! பெயருக்குப் பின்னால் 'ஏ' என்று எழுத்து ஒட்டிக்கொண்டு வரும் சில மாத்திரைகளிலும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்ந்தே இருக்கும். நிறுத்தாமல் தியேட்டருக்குப் போனால் ரத்தக் கசிவு நிற்காது, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்ற வேண்டிவரும், சில சமயம் மறுபடி நெஞ்சைத் திறந்து பார்க்கவும் நேரும். காலையில் மேஜை மேலே படுக்கவைக்க வேண்டியவரை, 'நேற்று ராத்திரிகூட மாத்திரை போட்டேன் சிஸ்டர்' என்ற ஒரு வார்த்தைக்காகத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

எல்லா மாத்திரைக்கும் ஒரே கணக்கு கிடையாது. க்ளோபிடோக்ரலுக்குப் பொதுவாக ஐந்து நாள், டிகாக்ரலருக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள், பிராசுக்ரலுக்கு ஏழு நாள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகாதவர்களும், வால்வுக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆசிட்ரோம் சாப்பிடுகிறவர்களும் தாங்களாக எதையும் நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு நிறுத்துவதே ஆபத்தாகலாம், ஊசி மருந்து போட்டு இட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

சர்க்கரை மாத்திரையில் பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிற ஒரு ரகம் இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். விலை குறைந்த பிறகு நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், இதயத்துக்கும் நல்லதுதான். ஆனால் ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியும் ஆபரேஷனும் சேரும்போது ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், மீட்டரில் பார்த்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. இந்த மாத்திரையை நிறுத்தினால் அந்த மூன்று நாளுக்கு மாற்று என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். லேகியம், சூரணம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாமே கணக்கில் வரும். துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு கவரில் போட்டு, மயக்க மருந்து டாக்டரின் மேஜையில் கொட்டிவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அவர் படித்துக்கொள்வார்.

இதய ஆபரேஷனுக்குப் போனால் பல் டாக்டரிடம் அனுப்புகிறார்களே, எதற்கு? பில்லை ஏற்றுவதற்கா?
வாசகர், சேலம்

இல்லை ஐயா. சொத்தைப் பல்லிலும் ஈறிலும் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து, புதிதாக வைத்த வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் அதை விரட்டுவது பெரும்பாடு. வாரக்கணக்கில் நரம்பில் ஊசி ஏறும், சிலருக்கு வால்வையே மறுபடி மாற்ற வேண்டிவரும். அதனால் வால்வு ஆபரேஷனுக்குப் பல் பரிசோதனை கட்டாயம். பைபாஸுக்கு அந்த அளவு கண்டிப்பு எல்லா இடத்திலும் இல்லை. பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் அந்தப் புண் ஆற நாள் வேண்டும். கடைசி வாரம் வரை வைத்திருந்தால் உங்கள் தேதிதான் தள்ளிப்போகும். கட்டுப்பல் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவைக்க மூடி போட்ட டப்பா ஒன்று கொண்டுவாருங்கள். காகிதத்தில் சுற்றி வைத்தால் காலையில் பெருக்குகிறவர் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்.

ஆபரேஷனின்போது இதயத்தை வெளியே எடுத்துவிடுவார்களா?
கல்லூரி மாணவர், மதுரை

மாட்டார்கள் தம்பி. இருந்த இடத்திலேயே இருக்கும். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி அதை நிறுத்திவைப்பார்கள். அந்த நேரத்தில் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் வேலையை ஹார்ட் லங் மெஷின் பார்த்துக்கொள்ளும். அதை இயக்குபவருக்குப் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று பெயர். சர்ஜனுக்கு மாலை போடுகிறவர்கள் அவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த மெஷினை வைத்து முதல் வெற்றிகரமான ஆபரேஷனை ஜான் கிப்பன் என்பவர் 1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செய்தார். இந்தியாவின் முதல் பைபாஸ் நம் சென்னையில்தான், 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தது. இப்போது இதயத்தை நிறுத்தாமல், துடிக்கத் துடிக்கவே தைக்கும் முறையும் பரவலாக இருக்கிறது.

கூடவே ஒன்று. 'நெஞ்சில் ஆபரேஷன், காலில் ஏன் இவ்வளவு நீளத் தையல்?' என்று கண்விழித்ததும் பதறுகிறவர்கள் உண்டு. பைபாஸுக்கு வேண்டிய ரத்தக் குழாயைக் காலிலிருந்து எடுத்திருப்பார்கள். முன்னாலேயே சொல்லிவைத்தால் பதற மாட்டார்கள்.

என் கணவர் தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர். அட்மிஷனில் கேட்டபோது 'எப்பவாவது, கல்யாணம் காட்சின்னா' என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. ஆபரேஷன் நன்றாக நடந்தால் போதும்தானே?
பெயர் வேண்டாம், சென்னை

போதாதும்மா. இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அவர் எதிரில் வேண்டாம், தனியாக மயக்க மருந்து டாக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ சொல்லுங்கள். யாரும் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போவதில்லை.

தினமும் குடிக்கிறவருக்குத் திடீரென்று நின்றுபோனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பித்து, முற்றினால் வலிப்பு வரைக்கும் போகும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இரண்டாம் நாள் அவர் எங்கே இருப்பார்? ஐசியூவில். நெஞ்சிலிருந்து வடிகுழாய், கழுத்தில் ஊசி, இதயத்தோடு பேஸ்மேக்கர் கம்பி. 'எழுந்திரு, பஸ் போயிடும்' என்று கத்திக்கொண்டு இதையெல்லாம் பிடுங்கப் பார்த்தவரை நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்திருக்கிறோம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. தெரியாவிட்டால், மூளைக்கு ரத்தம் போகவில்லையோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

குடிக்காதவர்களுக்கும், முக்கியமாக எழுபது தாண்டியவர்களுக்கு, ஐசியூவில் இரண்டொரு நாள் புத்தி தடுமாறலாம். சீலிங்கில் எறும்பு ஊர்கிறது என்பார்கள், மகனை அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், சிஸ்டர் விஷம் வைக்கப் பார்க்கிறாள் என்பார்கள் (அதை நான் எத்தனையோ முறை கேட்டாயிற்று). பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் சீக்கிரம் அவர்கள் கைக்குப் போனால் பாதிக் குழப்பம் தெளியும். அதனால் அவற்றை வீட்டில் பத்திரப்படுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

சிகரெட்டும் பிடிக்கிறாரா? நாலு வாரம் முன்னாடியே விட்டிருந்தால் நுரையீரலுக்கு ரொம்ப நல்லது. அவ்வளவு அவகாசம் இல்லையென்றாலும் இன்றைக்கே விடட்டும்.

எனக்கு 29 வயது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். தை மாதம் தம்பி கல்யாணம். கல்யாணம் முடித்துவிட்டு ஆபரேஷனா, முன்பேயா? அந்த நாளில் மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது? தாலியைக் கழற்ற வேண்டுமா? கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை.
ஆசிரியை, தஞ்சை மாவட்டம்

கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்ற எண்ணத்தை உங்கள் சர்ஜனிடம் சொல்லிவிட்டீர்களா? தேதியைவிட அது முக்கியம். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் ஆயுளுக்கும் ஆசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிட வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அந்த மாத்திரைகள் குழந்தையைப் பாதிக்கலாம். திசு வால்வில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இளம் வயதினருக்கு அது சீக்கிரம் தேய்ந்து இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். எது உங்களுக்கு என்பதை நீங்களும் உங்கள் கணவரும் டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சு சரியாக நடக்காது, தனியாகப் போங்கள். உலோக வால்வு என்றால் வெளிநாட்டுச் சரக்குதான் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான 'சித்ரா' வால்வை 1990 டிசம்பரிலிருந்து பொருத்திவருகிறார்கள், விலையும் குறைவு.

கல்யாணத்துக்கு வருவோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் கல்யாண வேலை உங்களால் ஆகாது, முன்பே செய்துகொள்வது நல்லது. நெஞ்செலும்பைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். எலும்பு ஒன்றுசேரவே ஆறிலிருந்து எட்டு வாரம், நன்றாக உறுதிப்பட மூன்று மாதம் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது, ஸ்கூட்டி ஓட்டக் கூடாது, அக்காள் பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது. ஐப்பசியில் ஆபரேஷன் என்றால் தையில் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டுப்புடவை கட்டி, ஜம்மென்று கல்யாணம் பார்க்கலாம். சீர்த்தட்டை மட்டும் வேறு யாராவது தூக்கட்டும்.

மாதவிலக்கு வந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காக ஆபரேஷன் ரத்தாவது அபூர்வம். தேதி கொடுக்கும்போதே சொன்னால், அவகாசம் இருக்கிறவர்களுக்கு ஒரு வாரம் முன்பின் மாற்றித் தருவார்கள். மாதாமாதம் அதிகமாகப் போகிறது என்றால் ரத்தசோகை இருக்கும், அதை முதலில் சரிசெய்வார்கள்.

தாலியைக் கழற்றத்தான் வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி உபயோகிப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடலாம். கழுத்தில் ஊசிக் குழாயும் இருக்கும், வெறும் கயிறுகூட இடைஞ்சல்தான். கணவர் கையில் கொடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று அவரையே மறுபடி போட்டுவிடச் சொல்லுங்கள், வார்டில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். மெட்டியை வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழற்றிப் பாருங்கள். வராத மெட்டியோடு தியேட்டர் வாசலில் நின்று போராடிய கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் சரியாகக் காட்டாது. நெஞ்சு முடியை வீட்டில் ரேசரால் மழிக்காதீர்கள் என்று ஆண்களுக்குச் சொல்வேன், கீறலில் கிருமி புகும். காலில் முடி எடுப்பது பற்றிப் பெண்களுக்கும் அதே பதில். வார்டில் கிளிப்பர் இருக்கிறது.

பையில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகளாக வையுங்கள், தலைவழியே மாட்டக் கையைத் தூக்க முடியாது. முன்பக்கம் கொக்கி வைத்த உள்ளாடையும் அவசியம். மார்பின் கனம் தையலை இழுக்காமல் தாங்கும். இதை ஆண் டாக்டர் யாரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பைபாஸ் செய்ய முடியுமா? தேதி வாங்கிவிட்டு அட்டை எடுக்கலாமா?
வாசகர், விழுப்புரம்

முடியும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அட்டை முதலில், தேதி பிறகு. மருத்துவமனை ஆஞ்சியோ ரிப்போர்ட்டை அனுப்பி முன் அனுமதி வாங்கிய பிறகே ஆபரேஷன் நடக்கும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். கலெக்டர் ஆபீஸில் இதற்கென்றே மையம் இருக்கிறது, இன்றைக்கே போய்ச் சரிபாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன.

ரத்தம் கொடுக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு பி நெகட்டிவ். எங்கே தேடுவேன்?
வாசகர், திருப்பூர்

பதறாதீர்கள். எடுத்த ரத்தத்துக்கு ஈடாகத்தான் பெரும்பாலும் ஆள் கேட்கிறார்கள், எந்த குரூப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். பி நெகட்டிவ் இருப்பு இருக்கிறதா என்பதை மட்டும் ரத்த வங்கியில் தேதிக்கு முன்பே கேட்டு உறுதிசெய்யுங்கள். கொடுப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நாலு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஐந்து பேர் கேட்டால் எட்டுப் பேரைத் தயாராக வையுங்கள். நண்பர்கள் படையாகத்தான் வருவார்கள். ராத்திரி பார்ட்டி என்று ஒருவன், காலையில் சாப்பிடவில்லை என்று ஒருவன், ஊசி என்றதும் மயங்கி விழுந்து ஒருவன், இப்படியே கழிந்துவிடும்.

இரண்டாவது டாக்டரிடம் கேட்டால் முதல் டாக்டர் கோபப்படுவாரா?
வாசகர், கோவை

பட்டால் படட்டும். ஆஞ்சியோ சி.டி. உங்கள் சொத்து, கேட்டு வாங்குங்கள். எழுத்து ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். வலி இல்லாமல், டாக்டர் அவகாசம் கொடுத்திருந்தால் மட்டும் இந்த அலைச்சல். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை சும்மா இருப்பதைத் தவிர அவர் செய்ய ஏதாவது உண்டா? அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருக்கப்போகிற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, நாகர்கோவில்

மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியை இன்றைக்கே வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். பத்துப் பேரிடம் கொடுத்தால் ஒன்பது பேர் ஊதுவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்து, பந்து மேலே நிற்கிற மாதிரி இரண்டு மூன்று நொடி பிடிக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, ஒரு தடவைக்குப் பத்து. மயக்கம் வருவதுபோல் இருந்தால் இடைவெளி விடட்டும். நெஞ்சைத் திறந்த பிறகு வலிக்குப் பயந்து அரை மூச்சுதான் விடுவார்கள், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட இப்போதே பழகியவர் சீக்கிரம் வார்டுக்கு வருவார்.

இருமப் பழக வேண்டும். சின்னத் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமினால் எலும்பு அசையாது. கையை ஊன்றாமல், ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டு எழுந்திருக்கவும் கட்டிலில் பழகட்டும். டாக்டர் அனுமதித்த அளவு நடக்கட்டும். வீட்டில் இந்தியன் கழிப்பறைதான் என்றால், மேலே வைக்கிற நாற்காலியை இப்போதே வாங்கிப் போடுங்கள்.

உங்களுக்கு: ஐம்பது பேர் வர வேண்டாம். கையெழுத்துப் போடக்கூடிய ஒருவர், மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடக்கூடிய ஒருவர், போன் எடுத்துச் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர், மூவர் போதும். சொன்ன நேரத்தைவிட ஓரிரு மணி கூடினால் உடனே அழ ஆரம்பிக்காதீர்கள். உள்ளே அழைத்துப்போன பிறகு மயக்கம் கொடுத்து ஊசிகள் போடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பலருக்கு அது தெரியாது. முதன்முதலாகப் பார்க்க விடும்போது முகம் ஊதியிருக்கும், வாயில் குழாய் இருக்கும், கை கால் ஜில்லென்று இருக்கும். பேச முடியாது, ஆனால் பேசுவது காதில் விழலாம். அந்த இடத்தில் நின்று ஒப்பாரி வைக்கிறவரை உள்ளே அனுப்பாதீர்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று சொன்னால், மூன்று பேரில் ஒருவருக்கு அப்படி வருவதுதான், பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும்.

அப்புறம், காலையில் நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பட்டினி அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.